ராணியைக் கேட்பதில்லை

கணினியில் ராஜ்யம் ஆளும் ஆட்டம் ஒன்றைப் பன்னிரண்டு வருடமாக ஆடினேன். பழைய காலத்து உலக வரைபடம் ஒன்றைக் கொடுப்பார்கள். அதில் ஏதாவது ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு படை திரட்டலாம், கோட்டை கட்டலாம், பெண் கொடுத்துப் பெண் எடுக்கலாம். தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு மத்தியானம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை வேலை இருக்காது. பட்டா நகல் எடுக்க வருகிறவர்கள் எல்லாம் சாப்பிடப் போய்விடுவார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் நான் எத்தனையோ சாம்ராஜ்யங்களைக் கட்டி ஆண்டிருக்கிறேன். கடையை விட்டு வெளியே வந்து நிமிர்ந்தால் நிஜக் கோட்டை மலைமேல் நிற்கும். அதை நான் ஏறிட்டுப் பார்த்தது குறைவு. செஞ்சிப் பக்கத்தில் பிறந்தவன் கோட்டை பார்ப்பதில்லை, கோட்டை பார்க்க வருகிறவர்களுக்கு வழி சொல்வதோடு சரி.

அந்த ஆட்டத்தில் எனக்குக் கைவந்தது சண்டை அல்ல. சண்டையில் நான் எப்போதும் தோற்பவன். எனக்குக் கைவந்தது மதம். ஒவ்வொரு ராஜாவுக்கும் நம்மைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருக்கும், அது எண்ணாகத் திரையில் தெரியும். நம் சாமி வேறு, அவன் சாமி வேறு என்றால் அந்த எண் சரிந்து கிடக்கும். தூது அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவான். அவன் சாமியை நாம் ஏற்றுக்கொண்டால் எண் ஒரே நாளில் மேலேறும். அதன்பிறகு சம்பந்தம், கூட்டணி, எது கேட்டாலும் கிடைக்கும். ஏற்றுக்கொள்ள ஒரு பொத்தான் உண்டு. கோயில் கட்டி, பூஜை நடத்திச் சேர்த்து வைத்த பக்திப் புள்ளிகளை அதற்குச் செலவழிக்க வேண்டும். காரியம் முடிந்ததும் மறுபடியும் சேர்த்துப் பழைய சாமிக்கே திரும்பிவிடலாம். மெய்யாக மாறினாயா, பொய்யாக மாறினாயா என்று ஆட்டம் கேட்காது. பெரிய படை வைத்திருந்தவர்களையெல்லாம் நான் இப்படித்தான் கவிழ்த்தேன். அதில் எனக்கு ரொம்பப் பெருமை இருந்தது. இன்று அதை நினைத்தால் அலுப்பாக இருக்கிறது.

என் கல்யாணத்தையும் நான் அப்படித்தான் முடித்தேன்.

நாங்கள் இந்தப் பக்கத்துச் சமணர்கள். செஞ்சிக்குப் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் வீட்டை நயினார் வீடு என்பார்கள். நிலமும் மல்லாட்டை என்கிற நிலக்கடலை வியாபாரமுமாக இருந்த குடும்பம். பொழுது சாய்ந்தபின் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடமாட்டார்கள். வெளிச்சம் இருக்கும்போதே சோறு முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்தாகிவிடும். இருட்டில் சாப்பிட்டால் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் வாயில் விழுந்துவிடும் என்பதுதான் காரணம். சாயங்காலம் எங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தால் முதலில் கேட்பது ‘ஆச்சா’ என்றுதான். சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தம். நான் கல்லூரிக்குப் போன முதல் வாரமே இந்த வழக்கத்தை விட்டுவிட்டேன். ராத்திரி பரோட்டா தின்றுவிட்டு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் ‘ஆச்சி நைனா’ என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். சொல்லும்போது உறுத்தியதில்லை, எப்படியும் ஆகித்தானே இருந்தது.

நான் விரும்பிய பெண் பனமலைப் பக்கத்து விவசாயக் குடும்பம். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றி, கெடா வெட்டுகிற வீடு. அவள் அப்பாவைப் பார்க்கப் போகும்போது வழியில் ஒரு பிள்ளையார் கோயிலில் வண்டியை நிறுத்தி, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு போனேன். அவர் என் நெற்றியைத்தான் முதலில் பார்த்தார். "உங்க ஆளுங்க இதெல்லாம் வைப்பாங்களா?" என்று கேட்டார். "சாமி எல்லாம் ஒண்ணுதான மாமா" என்றேன். கூழ் ஊற்றும்போது தவறாமல் வருவேன் என்றும் சொன்னேன். அவர் முகம் இளகியது. எண் மேலேறுவதை நான் கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது.

வீட்டில் என் நைனா அவ்வளவு லேசான ஆள் இல்லை. சத்தம் போட மாட்டார், கோபித்துக்கொள்ள மாட்டார், பேசாமல் இருந்துவிடுவார். மூன்று மாதம் பேசாமல் இருந்தார். ஒரு நாள் அவர் களத்தில் மல்லாட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்று சொன்னேன். "நைனா, அந்தப் பொண்ணு கறி விட்டுடுச்சி. பொழுது போனா சாப்டறதில்லைன்னு விரதம் எடுத்துகிச்சி. நான் சொல்லல, தானாவே எடுத்துகிச்சி."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "தானாவேவா?"

"தானாவேதான்."

"அப்படின்னா அது நம்ம வீட்டுப் பொண்ணுதான்" என்றார். அடுத்த மாதம் கல்யாணம் ஆனது.

அவள் எந்த விரதமும் எடுக்கவில்லை. அந்தப் பேச்சே எங்களுக்குள் நடந்ததில்லை. நைனாவிடம் சொல்லிவிட்டு வந்தபிறகுதான் அவளிடம் சொன்னேன். "சும்மா ஒரு பேச்சுக்கு சொல்லியிருக்கேன். அவரு கேட்டா ஆச்சின்னு சொல்லிடு. செஞ்சில நம்ம வீட்ல யாரு வந்து பாக்கப் போறாங்க." அவள் "சரி" என்றாள். சரி என்றால் நான் சொன்னபடி நடிப்பாள் என்று எடுத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் செஞ்சியில் தனி வீடு பார்த்து வந்துவிட்டோம். குழந்தை இல்லை. அதைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. அவளுக்கு அவலூர்பேட்டையில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை. சாயங்காலம் ஐந்தரை பஸ் பிடித்தால் ஆறரைக்கு மேல்தான் செஞ்சி வந்து சேரும். நைனா தினமும் ஆறு மணிக்கு அவளுக்குப் போன் செய்வார். எனக்குச் செய்யமாட்டார். "ஆச்சாம்மா?" என்பார். அவள் பஸ் இரைச்சலில் "ஆச்சி மாமா" என்பாள். அவ்வளவுதான் பேச்சு. அதில் வேவு எதுவும் கிடையாது, அவர் பாசத்தைக் காட்டத் தெரிந்த ஒரே வழி அது. எனக்கு அது என்னுடைய ராஜதந்திரம் நன்றாக நடக்கிறது என்பதற்குச் சாட்சியாகத் தெரிந்தது.

என் பக்கத்து நாடகமும் நன்றாகவே நடந்தது. ஆடியில் மாமனார் ஊருக்குப் போவேன். விபூதி பூசுவேன், கூழ் குடிப்பேன், உடுக்கைச் சத்தத்துக்குக் கைகட்டி நிற்பேன். கறியை மட்டும் நான் தொட்டதில்லை, அது இலையில் வரும்போது வயிற்றைப் பிடித்துக்கொள்வேன். பத்துப் பதினோரு ஆடியிலும் எனக்குச் சரியாக அதே நாளில் வயிற்றுக்கடுப்பு வந்தது. மாப்பிள்ளைக்கு வயிறு கொஞ்சம் பலவீனம் என்று மாமனார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஓமவாட்டர் பாட்டில் ஒன்று எனக்கென்றே அந்த வீட்டில் இருந்தது. அந்த மனுஷரை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

நான் கடையைப் பூட்டி வீட்டுக்கு வர ஒன்பது ஆகிவிடும். அவள் எனக்குச் சூடாகப் பரிமாறுவாள். "நீ சாப்டியா?" என்பேன். "ஆச்சி" என்பாள். பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் சமைத்துச் சாப்பிட்டிருப்பாள் என்றுதான் நினைத்தேன். தினமும் இதே கேள்வி, இதே பதில். பதினோரு வருடம் ஒரு கேள்வியை விடாமல் கேட்டும் அதன் பதிலை நான் கேட்டதில்லை.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில் மடிக்கணினியை வைத்து ஆடிக்கொண்டிருந்தேன். அவள் துணி மடித்துக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னா பண்றீங்க?"

"மதம் மாறப் போறேன். பக்கத்து ராஜா நம்ம கூட சேரமாட்டேன்றான். அவன் சாமியக் கும்புட்டா சேர்ந்துக்குவான்."

"ஜனங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"கொஞ்ச நாள் மொனவுவாங்க. அப்பறம் அடங்கிடுவாங்க."

திரையில் ராஜாவுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன முகத்தை விரலால் காட்டினாள். "இது யாரு?"

"ராணி."

"ராஜா மாறினா இது?"

"அதுவும் கூடவே மாறிடும். ஆட்டமே பண்ணிடும், நாம ஒண்ணும் பண்ணத் தேவல."

"அதக் கேக்க மாட்டாங்களா?"

நான் சிரித்தேன். ஆட்டத்தில் போய் அதையெல்லாம் யார் கேட்பார்கள் என்றேன். அவள் சிரிக்கவில்லை. மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் பொத்தானை அழுத்தினேன். பக்கத்து ராஜா கூட்டணிக்கு ஒப்புக்கொண்டான். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அது நடந்து இரண்டு மாதம் இருக்கும். மார்கழி மாதம், சீக்கிரமே இருட்டிவிடுகிற காலம். ஏழு மணிவாக்கில் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் எனக்குப் போன் செய்தார். அவள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மயங்கி விழுந்துவிட்டாளாம். ஓடினேன். யாரோ தண்ணீர் தெளித்து பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். டீக்கடைக்காரர் சர்க்கரை போட்ட பாலை நீட்டிக்கொண்டு நின்றார். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

ஆட்டோவில் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். அவள் முகம் சுருங்கியது.

"நேத்து ராத்திரி என்னம்மா சாப்ட்டீங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம், "ராத்திரி சாப்டறதில்ல சார்" என்றாள்.

"எத்தன நாளா?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு அந்த அறையிலிருந்து எழுந்து ஓடிவிட வேண்டும் போல் இருந்தது. வயிறு புண்ணாகியிருக்கிறது, இவ்வளவு நேரம் வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது என்று சொல்லி மருந்து எழுதினார். வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போதுதான் கேட்டேன்.

"தெனம் கேட்டனே, ஆச்சின்னு சொன்னியே."

"ஆயிட்டுத்தான சொன்னேன். நாலரை மணிக்கு ஆபீஸ்ல டீயும் ரெண்டு பிஸ்கட்டும். அதோட ஆச்சி."

எனக்கு முதலில் வந்தது கோபம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்ற கோபம். யாரைக் கோபிக்கிறோம் என்று புரிய இரண்டு நாள் ஆனது. பிறகு வந்தது வெட்கம். நான் கூட்டணிக்காக வீசியெறிந்த ஒரு பேச்சை அவள் எடுத்துப் பதினோரு வருடம் வயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறாள். அவள் பசியோடு படுத்திருந்த அதே வீட்டில் நான் தினமும் ஒன்பது மணிக்குக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டு ஏப்பம் விட்டிருக்கிறேன்.

வெட்கம் வந்ததும் திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அடுத்த மாதம் முழுக்க நான் செய்தது கணக்குப்போட்டதுதான். இனி ராத்திரியில் சாப்பிடு என்று அவளிடம் சொன்னால் நைனாவின் போனுக்கு அவள் என்ன சொல்வாள்? டாக்டர் சொன்னதாக நைனாவிடம் நான் சொல்லலாம். அப்படிச் சொன்னால் என் பொய் வெளியே வராது. ஆனால் டாக்டர் ஏன் அப்படிச் சொன்னார் என்று அவர் கேட்பார். மருந்து சாப்பிடும் வரை மட்டும் விதிவிலக்கு என்று கேட்டு வாங்கலாமா? எப்படிப் போனால் யார் மனதில் நம் எண் எவ்வளவு இறங்கும் என்று கடையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருந்தேன். அந்த மாதமும் அவள் ராத்திரியில் சாப்பிடவில்லை. நான் வற்புறுத்தவும் இல்லை. ஒருநாள் மத்தியானம் ஆட்டத்தைத் திறந்தேன். பாதி ஆண்ட நாடு அப்படியே காத்திருந்தது. தூது அனுப்பக்கூடத் தெம்பில்லை, மூடிவிட்டேன்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை, மத்தியானத்தோடு கடையைச் சாத்திவிட்டு ஊருக்குப் போனேன். நைனா முறத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து நானும் உரித்தேன். ஒரு முறம் முடிந்தபிறகு சொன்னேன்.

"நைனா, அந்தப் பொண்ணு விரதம் எடுத்துகிச்சின்னு நான் சொன்னது பொய்."

அவர் கை நின்றது. "அப்ப அது தெனம் ஆச்சின்னு சொல்றது?"

"அது நெஜம். நான் சொன்னதக் காப்பாத்தறதுக்காக அது நெஜமாவே இருந்துகினு இருக்குது. இப்ப வயிறு புண்ணாயிட்ச்சி."

எல்லாவற்றையும் சொன்னேன். மயங்கி விழுந்தது, டாக்டர் கேட்டது, அவள் சொன்னது. அவர் முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்ததா என்று எனக்குத் தெரியாது, நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சாப்டச் சொல்லு" என்றார். "ஒடம்ப வருத்திகினு எனக்காவ ஒண்ணும் இருக்க வேணாம். நான் சொன்னேன்னு சொல்லு."

"நீ ராத்திரி சாப்டறியா?" என்று என்னைக் கேட்டார். "சாப்டறேன் நைனா" என்றேன். அவர் மறுபடியும் உரிக்க ஆரம்பித்தார்.

வண்டியில் திரும்பி வரும்போது மனசு லேசாக இருந்தது. பெரிய சண்டை என்று பயந்தது ஒரு முறம் மல்லாட்டையோடு முடிந்துவிட்டது. நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். சனிக்கிழமையும் அவளுக்கு ஆபீஸ் உண்டு. ஆறே முக்காலுக்கு அவள் பஸ் வந்தது. விளக்கெல்லாம் போட்டுவிட்டார்கள். அவளைப் பக்கத்து ஓட்டலுக்குள் அழைத்துப் போய் உட்காரவைத்தேன். என்ன ஏது என்று அவள் கேட்பதற்குள் நாலு இட்லி சொல்லிவிட்டேன். இலை வந்தது, இட்லி வந்தது, ஆவி பறந்தது. இலையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"நைனாவப் பாத்துட்டு வரேன். நான் சொன்ன பொய்யெல்லாம் சொல்லிட்டேன். இனிமே நீ ராத்திரி சாப்டலாம். அவரே சொல்லிட்டாரு."

அவள் இட்லியைப் பார்த்தாள். சந்தோஷப்படுவாள், அழுதாலும் அழுவாள் என்று காத்திருந்தேன்.

"அன்னிக்கி நான் சாப்ட மாட்டேன்னு நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சீங்க" என்றாள். "இன்னிக்கி சாப்டலாம்னு நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சிகினு வந்திருக்கிறீங்க."

"உன் ஒடம்புக்காகத்தான போனேன்."

"ஒடம்ப நான் பாத்துகினேன். போன வாரம் நானே தனியா டாக்டர்கிட்ட போய்ட்டு வந்தேன். ஆபீஸ்லியே அஞ்சு மணிக்கு டப்பாவுல சோறு எடுத்தும்போய் சாப்டறேன். விடிஞ்சதும் கஞ்சி குடிக்கிறேன். இப்ப வலி இல்ல."

அவள் தனியாக டாக்டரிடம் போனதும் தெரியாது, டப்பா எடுத்துப் போவதும் எனக்குத் தெரியாது.

"அப்ப எதுக்கு இன்னும் அந்த விரதம்?" என்று கேட்டேன். "நான்தான் பொய் சொன்னேன்னு அவருக்கே தெரிஞ்சிட்ச்சே."

"மொத ரெண்டு வருசம் உங்க பேச்சு பொய்யாப் போயிடக்கூடாதுன்னு இருந்தேன். பசில அழுதுருக்கேன். அப்பறம் எப்பவோ அது என்னுதா ஆயிட்ச்சி. எப்பன்னு எனக்கே தெர்ல. பஸ்ல வரும்போது வெளிச்சம் போறதப் பாத்துகினே வருவேன். இன்னிக்கி இதோட போதும்னு இருக்கும். எனக்குன்னு அது ஒண்ணுதான் இருக்குது." அவள் குரலில் கோபம் இல்லை. நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வந்த அலுப்பு மட்டும்தான் இருந்தது. "அத குடுக்கறதுக்கும் எடுக்கறதுக்கும் நீங்க யாரு?"

சர்வர் வந்து வேறு என்ன வேண்டும் என்று கேட்டார். அவள் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இலையை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"சாப்டுங்க. ஆறிடப் போவுது."

நாலு இட்லியையும் நான்தான் சாப்பிட்டேன். நான் முடிக்கும் வரைக்கும் அவள் எதிரில் கைகட்டி உட்கார்ந்திருந்தாள்.